தம்பியின் கோதுமை வயலில் இறங்கிய ராக்கெட்

ஹாலோ க்ரீக், கான்சாஸ்
செப்டம்பர், ஞாயிறு மதியம்

அன்புள்ள கெண்ட்ரா,

நானும் உன் அப்பாவும் சுகம் என்றே எழுதுகிறேன், அப்பாவின் முழங்கால் மட்டும் அதை ஒத்துக்கொள்ளாது. நீயும் லாக்லனும் அந்தத் தீவுக் குளிரில் இருமல் சளி இல்லாமல் இருக்கிறீர்களா. உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது, பதில் எழுத உட்கார்ந்தபோதெல்லாம் கசப்பாகவே வந்ததால் கிழித்துப் போட்டேன், இதையாவது அனுப்பிவிடுகிறேன். இங்கே கோதுமை விதைக்கும் நேரம் வந்தாகிவிட்டது, மழைதான் ஏமாற்றுகிறது. பள்ளிப் பேருந்து ஓட்டியது போதும், வீட்டில் இரு என்கிறார் அப்பா, வீட்டில் இருந்தால் அவர் முகத்தைத்தானே பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

டெல்மர் மாமா என் கல்யாணத்துக்கு வர வேண்டும், அதற்குள் நீங்கள் இரண்டு பேரும் பேசிவிடுங்கள், ஒரு அட்டைக் குழாய்க்காகவா கூடப் பிறந்தவனை ஒதுக்குவது என்று எழுதியிருந்தாய். அவன் உன்னிடம் என்ன சொன்னானோ எனக்குத் தெரியாது, நடந்ததை நான் சொல்கிறேன். பள்ளிப் பிள்ளைகளை ராக்கெட் விடும் மைதானத்துக்குப் பேருந்தில் கொண்டுபோன அன்றிலிருந்து எனக்கு அந்தப் பித்து பிடித்தது உனக்கே தெரியும். சின்ன ராக்கெட்டை யாரும் விடலாம், பெரிய மோட்டாரைத் தொட வேண்டுமானால் முதல் நிலைச் சான்று வாங்கியாக வேண்டும். நீயே செய்து, நீயே பறக்கவிட்டு, பாராசூட் விரிந்து இறங்கியதைச் சேதமில்லாமல் கொண்டுவந்து சோதிப்பவர் கையில் கொடுக்க வேண்டும். குளிர்காலம் முழுக்க கராஜில் பசை நாற்றத்தோடு கிடந்தேன். ‘கார் வெளியில பனியில நனையுது, உள்ள இவ குழாய்க்கு றெக்க ஒட்டிட்டு இருக்கா’ என்று உன் அப்பா கடைத்தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தார், ஆனாலும் றெக்கைகளை இழைத்துக் கொடுத்தது அவர்தான். ராக்கெட் என் தோள் உயரம் இருந்தது, பேருந்துக்கு அடித்த அதே மஞ்சள் நிறம் அடித்தேன்.

ஏப்ரலில் விட்டேன். சோதித்தது மார்ஜ் ஸ்டெக்கல், உன்னை நூலகத்தில் சத்தம் போடாதே என்று அதட்டுவாளே, அவள்தான். பொத்தானை அழுத்தியதும் என் நெஞ்சில் யாரோ குத்தியது போல ஒரு சத்தம், அண்ணாந்து பார்ப்பதற்குள் அது புள்ளியாகிவிட்டது. உச்சியில் பாராசூட் விரிந்ததும் நான் கத்திய கத்தலில் மாடுகள் ஓடின என்கிறார் அப்பா. அதன்பிறகு காற்று எடுத்தது. மெல்ல மெல்லத் தள்ளிக்கொண்டு போய், சாலையைத் தாண்டி, டெல்மரின் பச்சைக் கோதுமைக்குள் இறக்கிவிட்டது. வேலி ஓரத்தில் நின்றால் மஞ்சள் தெரிகிறது, முழுசாக இருக்கிறது, நடந்து போனால் எடுத்துவிடலாம். அங்கே அவன் தன் வண்டியில் சாய்ந்துகொண்டு நிற்கிறான்.

உன் தாத்தா நிலம் முழுவதையும் அவன் பேருக்கு எழுதிவிட்டுப் போன நாளிலிருந்து நான் அவனிடம் எதையும் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டேன். டெல்மர், அதை எடுத்துக்கொள்ள விடு, உனக்குப் புண்ணியமாய்ப் போகும் என்று அத்தனை பேர் முன்னால் கேட்டேன். அவன் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. ‘ஊரெல்லாம் என்னை அப்பாவ ஏமாத்துனவன்னு சொல்லிட்டுத் திரியற. அது பொய்யின்னு இப்ப இவங்க முன்னாடி சொல்லுக்கா, நானே எடுத்துட்டு வந்து தர்றேன்’ என்றான். சொல்லியிருந்தால் சான்று கையில் கிடைத்திருக்கும். எனக்கு வாய் வரவில்லை, கெண்ட்ரா. நான் நம்பாததை ஒரு குழாய்க்காக எப்படிச் சொல்வேன். உன் அப்பா வேலியில் கால் வைத்துவிட்டார், மார்ஜ்தான் சட்டையைப் பிடித்து இழுத்தாள், ‘அனுமதி இல்லாம நீங்க உள்ள போனா ராக்கெட் கிளப்புக்கு இந்த மைதானமே போயிடும், இறங்குங்க’ என்று. நல்லபடி இறங்கியதைத்தான் எல்லோரும் கண்ணால் பார்த்தோமே, கையெழுத்துப் போடு என்று அவளிடம் கெஞ்சினேன். ‘கையில இல்லாததுக்கு நான் எப்படி வெர்லா போடுவேன்’ என்றாள். அவளிடமும் ஒரு மாதம் பேசாமல் இருந்தேன், அவள் செய்தது சரிதான் என்றாலும்.

மே மாதம் பேருந்து ஓட்டிக்கொண்டு அந்த வழியாகப் போகிறேன், அவன் வேலிக் கம்பத்தில் அது தொங்குகிறது. டிராக்டர் சக்கரம் ஏறி நசுங்கி, றெக்கை ஒடிந்து. பிள்ளைகள் எல்லோரும் ஜன்னலுக்கு ஓடிவந்து பார்த்தார்கள். தெரியாமல் ஏற்றிவிட்டேன் என்று அவன் சொல்கிறானாம், தெரியாமல் ஏற்றியவன் கம்பத்தில் ஏன் கட்டுகிறான்.

அவன் அன்றைக்கு அங்கே எப்படி வந்தான் என்று எனக்குப் புரியவே இல்லை. பிறகு கடையில் அவன் மனைவி, உன் நோரீன் மாமியைப் பார்த்தபோது அவளே சொன்னாள், ‘உங்க பொண்ணுதான் போன் பண்ணிச்சு, அம்மாவுக்கு அன்னிக்குப் பெரிய நாள், போய்ப் பக்கத்துல நில்லுங்க மாமான்னு. அதான் போனாரு’ என்று. நான் தேதியை உன் ஒருத்தியிடம்தான் சொல்லியிருந்தேன். நல்லது நினைத்துத்தான் செய்தாய், தெரியும். அதற்காக உன்னைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை, திட்டாமல் இருக்கவும் முடியவில்லை. வாங்கிய சாமானை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இன்னொரு ராக்கெட் செய்தேன். ஆகஸ்டில், காற்று எதிர்ப்பக்கம் அடித்த நாளாகப் பார்த்து விட்டேன். மேய்ச்சல் நிலத்து நடுவில் இறங்கியது, நானே போய்த் தூக்கி வந்து மார்ஜ் கையில் கொடுத்தேன். குழாயைத் தட்டிப் பார்த்து, றெக்கையை ஆட்டிப் பார்த்து, கையெழுத்துப் போட்டாள். எல்லோரும் கைதட்டினார்கள், இறைச்சியும் முட்டைக்கோஸும் அடைத்த ரொட்டி சாப்பிட்டோம். உன் அம்மா இப்போது முதல் நிலைக்காரி. ஆனால் இறங்கும்போது அதை நான் பார்க்கவே இல்லை கெண்ட்ரா, சாலையில் அவன் வண்டி நிற்கிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். யாருமில்லை, வெறும் சாலை. முதல் தடவை கத்தியது போல எனக்குக் கத்த வரவில்லை. அவன் எடுத்துக்கொண்டது அதைத்தான், அதைத் திருப்பிக் கொடுக்க அவனாலும் முடியாது.

கல்யாணம் உன்னுடையது, அவனைக் கூப்பிட்டுக்கொள். நான் வருவேன், உன் கல்யாண முக்காட்டை நான்தான் சரிசெய்வேன், கேக்கும் வெட்டித் தருவேன். அவன் வந்து கை நீட்டினால் என் கை இரண்டிலும் தட்டு இருக்கும்படி பார்த்துக்கொள்வேன். அதற்கு மேல் என்னிடம் கேட்காதே.

டிசம்பரில் வரும்போது கனமான கோட்டு எடுத்து வா, விமானத்தில் சாப்பிடாமல் தூங்கிவிடாதே. வரும் நாளையும் நேரத்தையும் எங்களுக்கு மட்டும் சொல், இங்கே நடப்பதை அவன் காதுக்குக் கொண்டுபோகாதே. நீயும் லாக்லனும் சண்டை போட்டால் அன்றைக்கே போட்டு முடித்துவிட்டுத் தூங்குகிறவர்களாக இருக்க வேண்டும், கடவுள் அந்தக் குணத்தை உனக்குக் கொடுக்கட்டும். எங்கள் வீட்டில் அது யாருக்கும் வாய்க்கவில்லை.

உன் அம்மா,
வெர்லா