ஜன்னலோரம் பூத்தையல் போட்டவள்

ஜூன் 14

அன்புள்ள அண்ணிக்கு,

நலம்தானே? பதினான்கு மாதம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்தும் கிழித்துப் போடாமல் இந்த வரிவரை வந்துவிட்டீர்கள் என்றால் எனக்கு அதுவே போதும். முகவரியை நூலகர் அக்காவிடம் கேட்டு வாங்கினேன். அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் பிடித்தால் விடமாட்டேன் என்று உங்களுக்குத் தெரியாதா?

இந்த வருடம் பதினோராம் வகுப்பு ஆங்கில இலக்கியம் என் தலையில் விழுந்திருக்கிறது. நீங்கள் ஒன்பது வருடம் நடத்திய அதே வகுப்பு, அதே நாவல். விக்டோரியா மகாராணி காலத்துச் சமாசாரம், அறுநூறு பக்கம், பொடி எழுத்து. முதல் நாள் முதல் பக்கத்தை வாசித்தேன். ஒரே வாக்கியம் பதினோரு வரி ஓடியது. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "மிஸ், முற்றுப்புள்ளி எந்த பஸ்ல வருது?" முப்பத்தெட்டுப் பேரும் சிரித்தார்கள். நானும்தான்.

துறைத் தலைவர் தொண்ணூறு பக்கச் சுருக்கப் பதிப்பை ஒரு பெட்டி நிறைய வரவழைத்து வைத்திருக்கிறார். "இந்தக் காலத்துப் பசங்க படிக்க மாட்டாங்கம்மா, கதையைச் சொல்லிட்டு கேள்வி பதில் குடுத்துடுங்க" என்றார். ஆகஸ்ட் தேர்வு வரைக்கும் அவகாசம் வாங்கியிருக்கிறேன். அதில் வகுப்பு சறுக்கினால் பெட்டியைத் திறந்துவிடுவார்.

சறுக்காது, அண்ணி. இந்த நாவல் வெளிவந்த நாளில் யாரும் அதை அறுநூறு பக்கமாகப் படிக்கவில்லையே. மாதம் ஒரு மெல்லிய பாகமாக வந்தது, அடுத்தது எப்போது என்று ஜனங்கள் காத்துக் கிடந்தார்கள். அதனால் முப்பத்தெட்டுப் பிரதிகளையும் பைண்டிங் கடைக்குக் கொண்டுபோய்ப் பிரித்துவிட்டேன். தலைக்குப் பத்தொன்பது பாகம், வாரம் ஒன்றுதான் கையில் தருவேன். கடைக்காரர், "சேர்த்துத் தைக்கத்தான் டீச்சர் ஆள் வரும், பிரிக்கச் சொல்லி வந்தது நீங்கதான் முதல் ஆள்" என்றார்.

ஒரு அனுமதி வேண்டும். உங்கள் பிரதி ஓய்வறை அலமாரியிலேயே இருக்கிறது. எடுத்துக்கொள்ளலாமா? அதைப் பிரிக்க மாட்டேன். அண்ணனுக்கும் அம்மாவுக்கும் நான் எழுதுவது தெரியாது.

உங்கள்,
வாயாடி


ஜூன் 22

வாயாடிக்கு,

கடிதம் கிடைத்தது. புத்தகத்தை எடுத்துக்கொள். ஓரங்களில் நான் கிறுக்கியதை வகுப்பில் வாசிக்காதே, அதெல்லாம் எனக்காக எழுதியது.

முப்பத்தெட்டுப் பிரதிகளையும் வெட்டினாயா? பாவி! படித்தவுடன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். பக்கத்து மேசைக்காரர், "என்னம்மா, கெட்ட செய்தியா?" என்று கேட்டார். இங்கே பாடநூல் அச்சிடும் இடத்தில் மெய்ப்புத் திருத்துகிறேன். நாள் முழுக்க அடுத்தவர்களின் பிழை. நிம்மதியான வேலை.

வீட்டு விஷயம் எதுவும் எழுதாதே. வகுப்பைப் பற்றி எழுதினால் படிப்பேன்.

அண்ணி


ஆகஸ்ட் 9

அன்புள்ள அண்ணிக்கு,

எட்டாம் பாகம் முடிந்தது. திங்கட்கிழமை நான் வகுப்புக்குள் நுழைந்தால் முகத்தைப் பார்ப்பதில்லை, பையைப் பார்க்கிறார்கள். போன வாரம் காய்ச்சலில் நான் விடுப்பு எடுத்தபோது மூன்று பேர் நூலகர் அக்காவிடம் போய், மிஸ் வரலைன்னா பாகம் மட்டுமாவது வருமா என்று கேட்டிருக்கிறார்கள். என் உடம்பை யாரும் விசாரிக்கவில்லை!

தேர்வும் முடிந்தது. ஐந்து பேர்தான் தவறினார்கள். துறைத் தலைவர் விடைத்தாள்களை இரண்டு முறை புரட்டிவிட்டு, "இவ்வளவு எழுதினா யாரு திருத்தறது?" என்றார். பெட்டியைக் கட்டுப் பிரிக்காமல் திருப்பி அனுப்பிவிட்டார்.

இனி எழுதப்போவது வகுப்பைப் பற்றித்தான். ஆனால் அங்கேயே நிற்காது. மன்னியுங்கள்.

கதாநாயகியின் அப்பா சாகக் கிடந்து, வா வா என்று எழுதிய கடிதங்களை அவள் புருஷன் ஒளித்துவைக்கும் இடம் உங்களுக்குத் தெரியும். விசாரணை மாதிரி வைத்தேன். பாதி வகுப்பு புருஷன் பக்கம், பாதி அவள் பக்கம். எங்களிடம் ஒரு பெண் இருக்கிறாள், எதற்கும் எதிர்வாதம் செய்வாள், 'வக்கீல்' என்றுதான் கூப்பிடுகிறோம். அவள் எழுந்து, "புருஷனை விடுங்க மிஸ். அவனோட தங்கச்சியை ஏன் யாருமே கூண்டுல ஏத்தலை?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. பக்கத்தைக் காட்டினாள். அவன் கடிதங்களை மேசைக்குள் வைத்துப் பூட்டும்போது அவன் தங்கை ஜன்னலோரம் உட்கார்ந்து பூத்தையல் போட்டுக்கொண்டிருக்கிறாள். நூல் அறுந்தது, கோத்துக்கொண்டாள் என்று இரண்டே வரி.

"அவ பயந்திருப்பா. அண்ணன் நிழல்ல இருக்கிறவதானே" என்றேன்.

"பயம் சரி மிஸ். அன்னிக்குச் சொல்ல வேணாம். மறுநாள் சொல்லலாமே? அதுக்கடுத்த வாரம் சொல்லலாமே? அவளுக்கு இன்னும் முந்நூறு பக்கம் இருக்கே!"

அண்ணி, மணி அடித்ததால் தப்பித்தேன். ஓய்வறையில் உங்கள் பிரதியை எடுத்து அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். ஓரத்தில் ஒரு கோடுகூட இல்லை. ஒன்பது வருடம் நடத்தியும் நீங்களும் அவளைக் கவனிக்கவில்லை.

அந்தப் பெரிய பள்ளி உங்களைத் தலைமையாசிரியையாகத் தேர்ந்தெடுத்து மின்னஞ்சல் அனுப்பிய அன்று நீங்கள் தேர்வு மேற்பார்வையில் இருந்தீர்கள். செய்தி வீட்டுக் கணினியில் வந்து நின்றது. உள்ளே போய்ப் பதில் எழுத அண்ணனுக்குக் கடவுச்சொல் தெரியாது. எனக்குத் தெரியும், கேள்வித்தாள் அனுப்புவதற்காக நீங்களே சொன்னது. "அவளுக்கே இதுல இஷ்டம் இல்ல, மறுக்கத் தெரியாம தவிக்கிறா, நானே எழுதிடறேன்" என்றான். நான் நம்பினேன் என்று எழுதத்தான் ஆசை. நம்பவில்லை. நீங்கள் போய்விட்டால் வீடு வெறிச்சென்று ஆகிவிடும் என்று நினைத்தேன். கடவுச்சொல்லைச் சொன்னேன். வேலை வேண்டாம் என்று உங்கள் பேரில் எழுதி அனுப்பினான்.

இரண்டு வாரம் கழித்து நீங்கள் கூடத்தில் நின்று, "இது யாருக்கெல்லாம் தெரியும்?" என்று கேட்டபோது நான் தேநீர்க் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அடுக்கி முடித்ததும் திரும்ப எடுத்து அடுக்கினேன்.

இவ்வளவுதான். பதில் எழுதாவிட்டால் புரிந்துகொள்வேன்.

வாயாடி


ஆகஸ்ட் 17

வாயாடிக்கு,

எனக்குத் தெரியும். அந்தக் கடவுச்சொல்லை உலகத்தில் ஒரே ஒருத்தியிடம்தான் சொல்லியிருந்தேன். கூடத்தில் நின்று கேட்டபோது நான் உன் அண்ணனைப் பார்க்கவில்லை, உன்னைத்தான் பார்த்தேன். பேர் வாயாடி. பேச வேண்டிய நேரத்தில் கோப்பை அடுக்கினாய்.

அவர் செய்ததற்காக மட்டும் என்றால் ஒரு மாதம் சண்டை போட்டுவிட்டு அங்கேயே இருந்திருப்பேனோ என்னவோ. நீயும் சேர்ந்தபிறகு அந்த வீட்டில் எனக்கு ஆள் இல்லை என்று தோன்றிவிட்டது. மறுநாள் காலையில் பெட்டியை எடுத்ததற்கு அதுதான் காரணம்.

மன்னித்தேன் என்று எழுத வரவில்லை. பொய்யாக எழுத இஷ்டமும் இல்லை.

ஆனால் இரண்டு காரியம் நீ செய்யலாம். என்னிடம் எழுதியதை உன் அண்ணனும் அம்மாவும் இருக்கும்போது வாய்விட்டுச் சொல். அந்தப் பள்ளிக்கும் உள்ளதை எழுது. கூப்பிட்டும் வராமல் போனவள் என்றுதான் அங்கே என் பெயர் நிற்கிறது.

அந்தப் பெண் சொன்னது சரி. ஒன்பது வருடம் அந்தப் பக்கத்தை நான் கடந்துதான் போயிருக்கிறேன். அவளிடம் சொல்.

அண்ணி


செப்டம்பர் 2

அன்புள்ள அண்ணிக்கு,

இரண்டும் செய்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலைச் சாப்பாட்டின்போது சொன்னேன். அண்ணன் தட்டைத் தள்ளிவிட்டு, "பாஸ்வேர்டு கேட்டது நான். குடுத்தது நீதானே?" என்றான். "ஆமா. அதையும் சேர்த்துத்தான் சொல்றேன். அண்ணிக்குச் சந்தேகப் புத்தி, அதான் வீட்டை விட்டுப் போயிட்டாங்கன்னு இனிமே யார்கிட்டயும் சொல்லாதே. நீ சொன்னா, பக்கத்துல நின்னு இல்லேன்னு சொல்வேன்" என்றேன். என் குரல் நடுங்கும் என்று எதிர்பார்த்தேன். நடுங்கவில்லை. வகுப்பில் பேசுகிற குரல்தான் வந்தது.

அம்மா அண்ணனின் தட்டை எடுத்துக் கழுவிவைத்தார். பிறகு, "அவகிட்ட நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பேசுவேன்?" என்றார்.

அன்றிலிருந்து அண்ணன் என்னோடு பேசுவதில்லை. பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மாடியறை பிடித்து வந்துவிட்டேன். ஒரு கட்டில், ஒரு அடுப்பு, குழாய் மட்டும் ராத்திரி பகலாகச் சொட்டுகிறது. பயப்பட்ட மாதிரி வெறிச்சென்று இல்லை.

அந்தப் பள்ளித் தலைவருக்கு நான்கு பக்கம் எழுதினேன். இடம் நிரம்பிவிட்டதாம். ஆனால் என் கடிதத்தை உங்கள் கோப்பில் சேர்த்துவிட்டு, உங்களுக்கும் நேரே எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார்.

வக்கீலிடம், இதற்கு முன் நடத்திய ஆசிரியை அந்தப் பக்கத்தைத் தவறவிட்டதாக ஒப்புக்கொண்டார் என்றேன். "எழுத்துல குடுத்தாங்களா மிஸ்?" என்று கேட்டாள். குடுத்தார் என்றேன்.

உங்கள்,
வாயாடி


செப்டம்பர் 10

வாயாடிக்கு,

அந்தத் தலைவரின் கடிதம் வந்தது. வருடக் கடைசியில் துணைத் தலைமையாசிரியை இடம் காலியாகிறது, விண்ணப்பிக்கச் சொல்லியிருக்கிறார். அதை நானே எழுதி, நானே கையெழுத்திட்டு, நானே தபாலில் போட்டேன்.

இருபத்தாறாம் தேதி வெள்ளிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். உங்கள் வீட்டுக்கு இல்லை, உன் அறைக்கு. ரயிலடிக்கு வராதே, அந்த ஊர்த் தெருக்கள் எனக்கு மறக்கவில்லை. கட்டில் உனக்கு, எனக்குத் தரை போதும். குழாய்க்கு ஒரு வாஷர் வாங்கி வை, நான் மாட்டித் தருகிறேன்.

ஒன்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். முதல் நாள் முழுக்கத் திட்டுவேன். பதினேழு மாதத்துத் திட்டு, சுருக்கப் பதிப்பெல்லாம் கிடையாது. நீ குறுக்கே பேசக்கூடாது, அழவும் கூடாது. அதற்காகத்தான் மூன்று நாள் விடுப்பு எடுத்திருக்கிறேன்.

அன்புடன்,
அண்ணி