வெந்நீரார்

பிப்ரவரி 4, செவ்வாய்

மாலை நான்கு மணிக்கு 61 டிகிரி. வானம் சுத்தம். குழாய்களின் மேல் தூசி இல்லை. தாங்கியில் இரண்டு திருகு துருப்பிடிக்க ஆரம்பித்திருக்கிறது, மாற்ற வேண்டும்.

இந்த நோட்டு மொட்டைமாடி சோலார் ஹீட்டருக்காக வாங்கியது. பாய்லர் தொழிற்சாலையில் முப்பத்தெட்டு வருஷம் பரிசோதகனாக இருந்தவனுக்குச் சூட்டைக் குறித்து வைக்காவிட்டால் தூக்கம் வராது. ஆனால் நான்கு மாதமாக இதில் டிகிரியைவிட அவன்தான் அதிகம் வருகிறான். மகளின் புருஷன். வேலை பார்த்த அச்சகத்தை இழுத்து மூடிவிட்டார்கள். "ரெண்டே மாசம் மாமா" என்று பெட்டியோடு வந்தான். வீட்டோடு மாப்பிள்ளை. நேரில் வாங்க, போங்க. இந்த நோட்டில் அவன், இவன்.

இன்று குளியல் இருபத்திரண்டு நிமிடம். பாட்டு வேறு. இருநூறு லிட்டர் தொட்டியையும் சூரியன் தனக்காகவே காய்ச்சித் தருகிறது என்று நினைப்பு. இன்றுமுதல் அவனுக்கு வெந்நீரார் என்று பட்டம் சூட்டியிருக்கிறேன்.

பிப்ரவரி 5, புதன்

குளியலறையின் பின்சுவரில் இரண்டு வால்வுகள். ஒன்று வெந்நீருக்கு, ஒன்று பச்சைத் தண்ணீருக்கு. காலையில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி அங்கே போய் நின்றேன். பாட்டில் இரண்டாவது சரணம் வரும்போது வெந்நீரார் தலைக்குச் சோப்புப் போடுவார், அது தெரியும். சரணம் வந்தது. வெந்நீர் வால்வை மூடினேன்.

பாட்டு நின்றது. ஒரு "ஹா". அவ்வளவுதான். தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்து, "மாமா, சூடு தண்ணி தீர்ந்துடுச்சு போல. உங்களுக்கு இருக்கா?" என்றான். உதடு வெளுத்திருந்தது. எனக்கு இருக்கா என்று கேட்கிறான்! ஒரு முறை முறைத்தால் என்ன குறைந்துவிடும்?

63 டிகிரி. நல்ல நாள்.

பிப்ரவரி 9, ஞாயிறு

மகளுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் விடுமுறை. இருவரும் சேர்ந்து பாத்திரம் கழுவினார்கள். அவன் ஏதோ சொன்னான். அவள் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வருகிற சிரிப்பு. நான் உள்ளே போனதும் நிறுத்திக்கொண்டார்கள். "ஒண்ணும் இல்லப்பா" என்றாள்.

ஒண்ணும் இல்லையாம். ஆறு வயதில் அம்மாவைப் பறிகொடுத்த பெண்ணுக்குத் தலை பின்னிவிட்டது யார்? வகிடு கோணலாக இருந்தாலும் நான்தான் எடுத்தேன். என்னோடு ஒருநாள் அப்படிச் சிரித்திருக்கிறாளா? பொறாமைதான். எழுதிவிட்டேன். என் நோட்டு, என் பொறாமை.

அவனும் நானும் ஒரே வீட்டில் இருக்க முடியாது. அவன் போக வேண்டும். தனியாகப் போக வேண்டும். அவள் இங்கேயே இருக்க வேண்டும்.

பிப்ரவரி 11, செவ்வாய்

மேகம். 38 டிகிரிதான். மேகம் போட்ட நாளுக்கென்று தொட்டிக்குள் கரண்டில் ஓடும் சுருள் ஒன்று இருக்கிறது. மாமா, நாளை மறுநாள் நேர்காணல், தலைமுடி வெட்டிக்கொண்டு வந்தேன், குளிக்கணும், அதைப் போடட்டுமா என்று கேட்டான். அதன் ஃபியூஸ் என் சட்டைப்பையில் இருந்தது. "ரிப்பேர் மாப்பிள்ளை. மாடிப்படியில நாலு தடவை ஏறி இறங்குங்க, உடம்பு தானா சூடாயிடும்" என்றேன். ஏறி இறங்கினான்! நான்கு தடவை! அந்த வெள்ளந்தித்தனம்தான் எனக்கு வயிற்றெரிச்சல்.

பிப்ரவரி 13, வியாழன்

வெயில் திரும்பிவிட்டது. 72. இன்று மாற்றி மூடினேன், பச்சைத் தண்ணீர் வால்வை.

நேர்காணல் முடிந்து ஐந்து மணிக்கு வந்து குளிக்கப் போனான். ஒரே ஒரு அலறல். தோள்பட்டையில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து, கொஞ்ச நேரத்தில் கொப்புளம் கட்டிவிட்டது. மகள் மருந்து தடவிக்கொண்டே, "தொட்டுப் பார்த்துட்டுக் குளிக்கக் கூடாதா?" என்றாள்.

"நான்தான் கவனிக்கல" என்றான். சொல்லும்போது என்னைப் பார்த்தான். பிறகு குனிந்துகொண்டான்.

தெரிந்துவிட்டது அவனுக்கு. தெரிந்தும் சொல்லவில்லை. பெருந்தன்மையாம்! என் வீட்டில், என் வெந்நீரில் குளித்துவிட்டு எனக்கே பெருந்தன்மை காட்டுகிறான்.

பிப்ரவரி 16, ஞாயிறு

அந்த வேலை அவனுக்குக் கிடைக்கவில்லை. 64 டிகிரி.

பிப்ரவரி 18, செவ்வாய்

எங்கள் தெருவில் உப்புத் தண்ணீர். வருஷத்துக்கு ஒருமுறை ஹீட்டரின் இருபது கண்ணாடிக் குழாய்களையும் தொட்டியிலிருந்து உருவி, அடியில் படிந்திருக்கும் சுண்ணாம்பைக் கழுவ வேண்டும். கழுவி மாட்டியதும் உடனே தண்ணீர் ஏற்றக்கூடாது. வெயிலில் காலிக் குழாய், அடுப்பில் மறந்துபோன வெறும் சட்டி மாதிரி காய்ந்து கிடக்கும். அதில் பச்சைத் தண்ணீர் பட்டால் சில்லு சில்லாகப் போய்விடும். வெயில் இறங்கியபின் ஏற்ற வேண்டும், அதுவரை துணி போட்டு மூடி வைக்க வேண்டும்.

இதையெல்லாம் வெந்நீராருக்குப் பாடம் நடத்தினேன். "எனக்கு முட்டி வலி, மாடி ஏற முடியல. வியாழக்கிழமை நீங்க கழுவிடுறீங்களா மாப்பிள்ளை? அப்படியே மேல்தொட்டியையும் கழுவிடுங்க."

"அதுக்கென்ன மாமா, செஞ்சுடலாம்" என்றான். முகத்தில் சந்தோஷம். அவனை நம்பி ஒரு வேலை கொடுத்துவிட்டேனாம்.

பிப்ரவரி 20, வியாழன்

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் நாளைக்கு நானே நம்பமாட்டேன்.

மகள் வேலைக்குப் போனதும் மேலே ஏறினான். ஒவ்வொரு குழாயாக உருவி, பிரஷ் விட்டுத் தேய்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து மாட்டினான். சும்மா சொல்லக்கூடாது, நான் செய்திருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன். பதினொன்றரைக்கு இருபதும் மாட்டியாயிற்று. அடுத்து மேல்தொட்டியைக் காலி செய்து கழுவினான்; மோட்டார் போட்டால் அதில் விழும் தண்ணீர் நேராக ஹீட்டருக்குள்தான் இறங்கும்.

மோட்டார் சுவிட்ச் என் அறையில், கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில். அதைப் பார்த்தபடி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மேலிருந்து குரல் வந்தது: "மாமா, குழாயெல்லாம் பயங்கரமா காயுது. துணியைப் போட்டு மூடிடுறேன். மோட்டாரை சாயங்காலம் போட்டுக்கலாம்!"

போட்டேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் முதல் வெடி. அப்புறம் வரிசையாக. எண்ணினேன், தொழில் பழக்கம். பதினான்கு.

துணியை விரித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றிருக்கிறான். முன்கையில் நீளமாக வெட்டு. கையில் சட்டையைச் சுற்றிக்கொண்டு இறங்கி வந்தான். என் அறை வாசலில் நின்று சுவிட்சைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "ஏன் மாமா?" என்றான்.

"ஆஸ்பத்திரிக்குப் போங்க மாப்பிள்ளை" என்றேன். ஒன்பது தையல்.

மாலையில் மகள் வந்தாள். "சாயங்காலம்தான் தண்ணி ஏத்தணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்மா. யாரு கேக்குறா? மத்தியானமே மோட்டாரைப் போட்டுட்டாரு" என்றேன். குரல் பிசிறில்லாமல் வந்தது.

"நான் போடல" என்றான் அவன்.

"பின்ன யாரு, எங்கப்பாவா? முப்பத்தெட்டு வருஷம் பாய்லர்ல இருந்தவருக்கு இது தெரியாதா?" என்றாள் மகள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "வேலைதான் இல்ல. இப்பப் பொய்யும் சொல்லக் கத்துக்கிட்டீங்களா?" என்றாள்.



பிப்ரவரி 21, வெள்ளி

போய்விட்டான். ஒரே ஒரு பை. "வர்றேன் மாமா" என்று சொல்லிவிட்டு வேறு போனான். மகள் அறையைச் சாத்திக்கொண்டு ராத்திரிவரை வெளியே வரவில்லை.

சாப்பிடும்போது, "இவரு வேணாம்னு நீங்க மொதல்லயே சொன்னீங்கப்பா, நான்தான் கேக்கல" என்றாள். அழுத முகம். எனக்கு இன்னொரு கரண்டி போட்டாள். இரண்டே தட்டு. ஜெயித்துவிட்டேன். வயிறாரச் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

ஹீட்டர் மெக்கானிக் புதுக் குழாய்களோடு வந்தார். மீசைக்காரர், கை வேலை செய்தாலும் வாய் ஓயாது. உடைசலை அள்ள மகளும் மேலே போனாள். நான் படியடியில் நின்றேன். பேச்சு கேட்டது.

"தரையெல்லாம் ரத்தமால்ல இருக்கு. உங்க வீட்டுக்காரரு இங்கயேவா நின்னாரு?"

"ஆமா, கையில வெட்டு."

"துணி வேற விரிச்சிருக்காரே. தண்ணி ஏத்துறவரு எதுக்கு மூடப் போறாரு? மோட்டார் சுவிட்ச் மேலயா இருக்கு?"

"இல்ல. கீழ, அப்பா ரூம்ல."

"அப்ப மோட்டாரைப் போட்டது யாரு?"

அவர் சும்மா கேட்டார். புதுக் குழாயைத் திருகி உள்ளே தள்ளிக்கொண்டே கேட்டிருப்பார். துடைப்பச் சத்தம் நின்றுவிட்டது.

முப்பத்தெட்டு வருஷம். பாய்லரில் தலைமுடி கனத்துக்கு விரிசல் இருந்தாலும் சிவப்புப் பெயின்ட் அடித்துத் திருப்பி அனுப்பியவன் நான். ரத்தம் மேலே, சுவிட்ச் கீழே. இது என் கண்ணில் படவில்லை.

இறங்கி வந்து என் எதிரில் நின்றாள். "அப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

"தண்ணி ஏத்தியாச்சா?" என்றேன்.

"இன்னும் இல்ல. சாயங்காலம்தான் ஏத்தணுமாம். உங்களுக்குத் தெரியாததா?" என்றாள்.

பிப்ரவரி 25, செவ்வாய்

கூடத்தில் என் முன்னாலேயே உட்கார்ந்து அவனுக்குப் போன் போட்டாள். நான் கேட்க வேண்டும் என்றுதான். மன்னிப்புக் கேட்டாள். அழுதாள். "வந்துடுங்க, நாம வேற எங்கயாவது போயிடலாம்" என்றாள்.

போனை வைத்துவிட்டு என்னிடம் சொன்னாள்: "உங்க மேல அவருக்குக் கோவமே இல்லையாம். 'உங்கப்பா செஞ்சதைத் தாங்கிக்கிட்டேன், நீ என்னை நம்பலியே'ன்னு கேக்குறாரு. அதுக்கு நான் என்னப்பா பதில் சொல்றது? நீங்களே சொல்லுங்க."

"நீ நேரா கிளம்பிப் போம்மா" என்றேன். நிஜமாகவேதான் சொன்னேன். அவள் போய்விட்டால் என் கதி என்ன என்று தெரிந்தேதான் சொன்னேன்.

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு?" என்றாள்.

மார்ச் 2, ஞாயிறு

மகள் பச்சைத் தண்ணீரில் குளிக்கிறாள். ஐந்து நாளாக. வெந்நீர்க் குழாயைத் தொடுவதே இல்லை. விடிகாலைக் குளிரில் வாளி நிறைவது, முதல் சொம்புக்கு அவள் மூச்சை இழுப்பது, எல்லாம் என் அறைக்குக் கேட்கிறது. பின்சுவருக்குப் போய்ப் பார்த்தேன். இரண்டு வால்வும் முழுசாகத் திறந்துதான் இருக்கின்றன.

"வெந்நீர்ல குளிம்மா."

"இருக்கட்டும்ப்பா. உங்களுக்கு வேணும்ல" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை.

78 டிகிரி.

மார்ச் 6, வியாழன்

86. செலவழிக்க ஆள் இல்லாததால் சூடு இறங்குவதே இல்லை. என் பங்கு ஒரு வாளி. மத்தியானம் காற்றுக் குழாயில் ஆவி சீறுகிறது. மாலையில் பின்சுவர்க் குழாயைத் திறந்து பத்து வாளி வெந்நீரைச் சாக்கடையில் விட்டேன்.

அவள் ஜன்னலில் நின்று பார்த்தாள். இரண்டு நாளாக இருமல், சால்வை போர்த்தியிருந்தாள். கத்தித் தொலையேன்டி! பாவின்னு சொல்லு, கொலைகாரான்னு சொல்லு, காறித் துப்பு — எதையாவது செய்யேன். இப்படி நின்னு பாக்காதே.

மார்ச் 9, ஞாயிறு

93. குழாய்களை இறுக்கிப் பிடிக்கும் ரப்பர் வளையங்கள் இளகிவிடும் என்று பயந்து மெக்கானிக்கை வரவழைத்தேன். மகளும் மாடியில்தான் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு நானும் ஏறினேன்.

"ஹீட்டர்ல ஒரு கோளாறும் இல்ல சார். நீங்க எடுக்குற தண்ணி பத்தல, அதான் கொதிக்குது. வீட்ல எத்தனை பேரு வெந்நீர்ல குளிக்கிறீங்க?" என்று கேட்டார்.

மகளைப் பார்த்தேன். அவள் ஒரே துணியை உதறிக்கொண்டே இருந்தாள்.

"ஒருத்தர்" என்றேன்.

"அப்ப அஞ்சு குழாய் போதும் சார். மிச்சம் பதினஞ்சையும் பெரிய துணியா பார்த்து மூடி வச்சிடுங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

மகள் கீழே போனாள். மடித்த போர்வை ஒன்றோடு வந்தாள். கனமான பருத்தி, இரட்டைக் கட்டிலுக்கு வாங்கியது. "இந்தாங்க. ரெண்டு பேரு போர்த்துறது. இனிமே எனக்கு எதுக்கு?" என்று என் கையில் வைத்துவிட்டு, மிச்சத் துணியை உலர்த்தப் போனாள்.

விரித்தேன். மடித்துப் போட்டு ஐந்து குழாயை விட்டிருக்க வேண்டும். மடிக்கவில்லை. இருபதையும் மூடி, நான்கு மூலையிலும் கயிறு கட்டினேன். அளவு சரியாக இருந்தது. இருக்கிற சூடு இரண்டு நாளில் ஆறிவிடும், அப்புறம் எனக்கும் பச்சைத் தண்ணீர்தான்.