உங்களை யாரும் கேட்கவில்லை, அப்பா

அன்புள்ள அப்பாவுக்கு, மிலேவா வணக்கத்துடன் எழுதுவது. வியன்னாவில் குளிர் தொடங்கிவிட்டது, நான் நலம். நீங்கள் நலமா என்று கேட்க இந்த முறை மனம் வரவில்லை.

நேற்று ரட்கோ அண்ணன் போனில் சொன்னான். உங்களுக்கு இருப்பது, அவன் உங்களிடம் சொல்லி வைத்த குடல்புண் இல்லை. முன்பு அறுவை செய்து எடுத்த புற்றுநோய்தான் திரும்பியிருக்கிறது.

“கீமோ வேணாம்னு டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். இந்த வயசுல தாங்க மாட்டாரு.”

“அப்பாவைக் கேட்டியா?”

“கேட்டா பயத்துலயே போயிடுவாரு. நீயும் வாயை மூடிக்கிட்டு இரு.”

“உடம்பு அவரோடது. பயம்தான் உன்னோடது” என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன். நம் வீட்டுப் பிளம் மரத்தில் ஒரு கிளையை வெட்டக்கூட உங்களைக் கேட்பவன், இதற்குக் கேட்கவில்லை. வீட்டுப் போனை எடுப்பதும் அவன்தான், அதனால்தான் கடிதம்.

கீமோ கொடுத்தால் சில மாதங்கள் கூடுமாம், ஆனால் பாடாய்ப் படுத்துமாம். வேண்டுமா வேண்டாமா என்று டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள். வேண்டாம் என்றால் அழுவேன். சண்டை போட மாட்டேன்.

என் கம்பளிக் காலுறைகளை அனுப்பச் சொல்லுங்கள். இல்லை, வேண்டாம். மாதக் கடைசியில் பஸ் ஏறி நானே வருகிறேன். கதவை ரட்கோ திறக்க வேண்டாம், நீங்கள் திறங்கள்.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மிலேவா