பன்னிரண்டு சந்தனப் பொட்டுகள்

ராசிபுரம்,
20 நவம்பர் 1938.

அன்புள்ள சாயிராவுக்கு,

சென்னைச் சர்வகலாசாலை நூல்நிலையத்துக்காக உன் வீட்டுக்காரர் கிணறு வெட்ட இடம் பார்க்கச் சொல்லும் எங்கள் ஏட்டுச் சுவடியை, அந்தக் கிணற்று நூலை, வாங்கிப்போக வந்த அன்று, நான் இரண்டு விஷயங்களைச் சொல்லவில்லை. அவற்றை எழுதிவிட்டு உன் நலம் விசாரிக்கிறேன்.

அவர் நூலைப் பிரித்ததும் முதல் பன்னிரண்டு ஏடுகள் ஒரே கட்டியாக ஒட்டியிருந்தன. எப்படி என்று கேட்டார். அம்மா, "கூரை ஒழுவி நனைஞ்சு போச்சுங்க சாமி" என்றாள். அவர் முகர்ந்து பார்த்துவிட்டு, "உங்க ஊட்டுக் கூரை சந்தனமா ஒழுகுதுங்களா அம்மா?" என்றார். அம்மா சிரித்துக்கொண்டே மோர் எடுத்துவர உள்ளே போய்விட்டாள். நான் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தச் சந்தனம் நான் வைத்தது. எனக்கு எட்டு வயதானபோது அப்பா அந்த நூலில் சொன்ன அடையாளங்களைப் பார்த்து மேட்டுக்காட்டில் கிணறு வெட்டித் தண்ணீர் கண்டார். அது முதல் ஒவ்வொரு சரஸ்வதி பூஜைக்கும் ஓர் ஏட்டில் பொட்டு வைப்பது எங்கள் வீட்டு வழக்கமாயிற்று. அடுத்த வருஷம் அடுத்த ஏடு. நூல் முழுவதும் பூஜை பெற வேண்டுமாம். ஈரம் காயுமுன் மூடிப் பட்டுத் துணியில் இறுகக் கட்டுவோம். கட்டியதும் என் கைதான்.

இரண்டாவது விஷயம். பொட்டு விழுந்த இடத்தில் பாட்டு மறைந்துவிடும் என்பதால், பூஜைக்கு முந்தின நாள் அந்த வருஷத்து ஏட்டை மட்டும் யாருக்கும் தெரியாமல் என் நோட்டில் எழுதி வைப்பேன். பன்னிரண்டு ஏடும் என்னிடம் இருக்கின்றன. முதல் இரண்டும் கோழி கிளறியது போன்ற எழுத்து.

நீராவி காட்டிப் பிரித்தபோது அந்த ஏடுகள் தூளாகிவிட்டன என்றும், இந்த நூலுக்கு வேறு பிரதி எங்கும் கிடைக்கவில்லை என்றும் நீ எழுதியிருந்தாய். நீரோட்டத்தின் அடையாளங்கள் எல்லாம் அந்த ஏடுகளில்தான் இருந்தன. தர்மபுரிப் பக்கத்து விவசாயி ஒருவர் அவற்றுக்கு நகல் கேட்டிருக்கிறார் என்பதையும் படித்தேன்.

நோட்டை அன்றே கொடுத்திருக்கலாம். ஆனால் பாட்டு எழுதிய தாள்களின் பின்பக்கங்களில் என் சொந்தக் குறிப்புகள் இருக்கின்றன. உன் அண்ணன் கலீல் ரஹ்மானின் பெயர் அவற்றில் பதினோரு இடங்களில் வருகிறது. அவருக்கு எதுவும் தெரியாது. எனக்குத் தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை நாமக்கல் பக்கம், நல்ல மனிதர் என்கிறார்கள்.

பாட்டை மட்டும் வேறு தாளில் எழுதி அனுப்பலாமே என்பாய். நானும் நினைத்தேன். ஆனால் சிறுவயதில் புரியாமல் எழுதிய சில எழுத்துகளை இன்று என்னாலேயே உறுதியாகப் படிக்க முடியவில்லை. ஊகித்து எழுதினால் யாரோ ஒருவர் தண்ணீர் இல்லாத இடத்தில் கிணறு வெட்டுவார். கற்றவர்கள் மூல எழுத்தைத்தான் பார்க்க வேண்டும்.

பின்பக்கங்களின் மேல் மெல்லிய தாளை ஒட்டிவிடலாம் என்று பசைகூடக் காய்ச்சினேன். முதல் தாளில் தடவப் போனவள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டேன். ஒட்டியதால் என்ன ஆயிற்று என்று பார்த்தவள் நான். அந்தப் பசை அம்மாவின் கோலப்பொடி டப்பாவுக்கு மூடி ஒட்ட உதவிற்று.

செவ்வாய்ப்பேட்டையில் உன் அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறதா? நீ உடம்பைப் பார்த்துக்கொள். ஐந்தாம் மாதத்தில் மாடிப்படி அதிகம் ஏறாதே.

நோட்டு வந்தால் முதலில் நீ படி. பிறகு நூல்நிலையத்தில் கொடு, கேட்கிறவர்களுக்கெல்லாம் காட்டட்டும். கலீல் சென்னைக்கு வரும்போது மட்டும் அது உன் வீட்டு மேஜையில் இருக்க வேண்டாம். அவர் நன்றாக இருக்கட்டும். உன் குழந்தை கண்ணுக்குத் தெரிகிற தண்ணீர் உள்ள ஊரில் வளரட்டும்.

உன் பிரியமுள்ள,
குஞ்சம்மாள்.

பி.கு. இன்று திங்கட்கிழமை. காலையில் ராசிபுரம் தபாலாபீசில் நோட்டைப் பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டேன். எந்தத் தாளையும் கிழிக்கவில்லை, ஒட்டவில்லை.