கதவைக் கவ்விய தரை

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் சொல்லச் சொல்ல, கீழ்வீட்டுத் தையல்காரர் எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம், தரையைத் தவிர. உன் கடிதத்தை இவர்தான் வாசித்துக் காட்டினார். எந்நேரமும் வாயில் குண்டூசி கவ்வியிருப்பவர். எதுவும் வெளியே வராது. ஆகவே மறைக்காமல் சொல்கிறேன்.

நீ வருஷத்தையே தப்பாக எழுதியிருக்கிறாய். படித்தவர்களின் ஞாபகம் காகிதத்தில் இருக்கிறது, காகிதம் தொலைந்தால் போச்சு. ஆற்றுப் பாலம் பாதியில் உட்கார்ந்ததும், தெருவுக்கு முதன்முதலாக மின்கம்பம் வந்ததும், எதிர்வீட்டு வக்கீல் தன் குமாஸ்தாவின் தங்கையைக் கட்டிக்கொண்டு ஊர் வாயில் விழுந்ததும் எந்த வருஷமோ, அந்த வருஷம்தான் நம் கூடத்தில் மரத்தரை போட்டது. மழை விடாத மாதம்.

போடவைத்தவர் அத்தான். அக்காவைக் கட்டியதைத் தவிர வேறெந்த வேலையையும் அவர் முடித்ததில்லை. உன்னைப் பேசி முடிக்க வருகிறவர்கள் மரக்கடைக்காரர்கள், அவர்களைச் சிமெண்டுத் தரையில் உட்காரவைத்தால் கேவலம் என்றார். அப்பா தலையாட்டினார். அப்பாவுக்கு மாப்பிள்ளை சொன்னால் வேதவாக்கு, மகன் சொன்னால் நாய் குரைப்பு.

பலகை நனைந்த லாரியில் வந்தது. கட்டைப் பிரித்துக் கூடத்தில் கொஞ்ச நாள் கிடக்கட்டும், வீட்டுக் காற்று பழகிய பிறகு அடிக்கலாம் என்றான் தச்சன். "மரம் என்ன விருந்தாளியா, தங்கி இளைப்பாறிட்டுப் போக?" என்றார் அத்தான். மரம் ஊதும், சுவரோரம் விரல் அகலம் விடணும் என்றான். "சந்து விட்டா எறும்புதான் குடி வரும்" என்று சிரித்தார். தச்சனும் லேசுப்பட்டவனில்லை. ஒரு தடவை சொன்னான். அப்புறம் யார் வீட்டுத் தரையோ, யார் காலோ என்று சுவரோடு சுவராக இறுக்கி அடித்துவிட்டு நடையைக் கட்டினான்.

அவர்கள் வருவதற்குள் கூடத்து நடுவில் தரை ஒட்டக முதுகு மாதிரி எழும்பிவிட்டது. அத்தான் அதன்மேல் ஏறிக் குதித்துப் பார்த்தார். தரை இறங்கவில்லை, அவர் இடுப்புதான் பிடித்துக்கொண்டது. மேலே ஜமுக்காளத்தை விரித்து மூடினார். உன் அறைக் கதவு கூடத்துப் பக்கம் திறப்பது. பலகையில் உரசி முனகிக்கொண்டேதான் திறந்தது. அது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

வந்தார்கள். மாப்பிள்ளைப் பையன், தன் அப்பா முகத்தைப் பார்க்காமல் தண்ணீர்கூடக் குடிக்காத ஆள். அம்மா உன் கதவைத் தட்டினாள். கதவு திறக்கவில்லை. மரக்கடைக்காரர் மீசையைத் தடவிக்கொண்டு, "பொண்ணு உள்ளேர்ந்து தாழ் போட்டுக்கிச்சோ?" என்று கேட்டார். அப்பா முகம் செத்துப்போனது. அவர் கை எப்படிப்பட்டது என்று உனக்கே தெரியும். தாழ் போட்டது நிஜம் என்று தெரிந்திருந்தால், தலைமுடியைப் பிடித்து இழுத்துவந்து அந்தப் பையனுக்கே கட்டிவைத்திருப்பார்.

நான் கடப்பாரையை எடுத்துவந்தேன். "தரை ஊதிக் கதவைக் கவ்விக்கிச்சு, நகருங்க" என்று நெம்பினேன். தாழ்ப்பாள் கொக்கி பிய்ந்து என் காலடியில் விழுந்தது. சுவரோரம் தள்ளி மறைக்கலாமென்றால், அத்தானின் புத்திசாலித்தனத்தில் ஒரு விரல் சந்துகூட இல்லை. மிதித்துக்கொண்டு நின்றேன். எல்லோரும் உன்னைப் பார்த்தபோது குனிந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மரக்கடைக்காரர் ஜமுக்காளத்தைத் தூக்கிப் பார்த்தார். "பலகை போடத் தெரியாத வீட்டுல சம்பந்தம் வெச்சா எங்க கடைப் பேருல்ல கெடும்" என்று எழுந்துபோனார். அத்தானைத் திட்டிய திட்டில் அப்பா உன்னை மறந்தார். அடுத்த வருஷம் நீ நர்ஸ் படிப்புக்குப் போனாய். போனவள் போனவள்தான்.

இப்போது எழுதுகிறாய், சாகும்வரை அத்தான் வாங்கிய ஏச்செல்லாம் உன்னால் வந்த பழி என்று. கதவு ஏன் திறக்கவில்லை என்பதை மிச்சமிருக்கிறவர்களிடம் சொல்லி மன்னிப்புக் கேட்காமல் வாசல் மிதிக்கமாட்டேன் என்று. நர்ஸ் வேலை பார்த்தும் புத்தி தேறவில்லையே அம்மா. தரையை ஊதவைத்தது நீயா? ஆயுசுக்கும் அந்த மனிதர் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அந்தத் தரை. அதுவும் தெரியாமல் செய்தது.

அதைப் பெயர்த்துவிட்டு என் மகன், உன் மருமகன், புது மரத்தரை போடுகிறான். போனைப் பார்த்துப் பலகை அடிக்கிறான். பலகையைப் பார்த்து அடித்தால் தேவலை. சுவரோரம் நானே விரலை விட்டுப் பார்த்தேன். சந்து இருக்கிறது. உன் அறைக் கதவு சுண்டுவிரலால் தொட்டாலே திறக்கிறது.

யாரிடம் மன்னிப்புக் கேட்கப்போகிறாய்? அப்பா போனார், அம்மா போனாள். அத்தான் பின்னாலேயே அக்கா போனாள், அங்கேயாவது நிம்மதியாக இருக்கவிடுவாரா தெரியவில்லை. மரக்கடைக்காரர் போனார். அவரைக் கேட்காமல் அவர் மகன் செய்த ஒரே காரியம், அவருக்கு முன்னால் போனது. தச்சனும் போனான்.

பழைய கொக்கி என்னிடம் இருக்கிறது. உன் அறைக்கு உள்பக்கம் புதுத் தாழ்ப்பாள் வைக்கச் சொல்லியிருக்கிறேன். வந்து, எப்போது வேண்டுமோ போட்டுக்கொள். யாரும் நெம்பமாட்டார்கள்.

இப்படிக்கு,
அன்று கூடத்தில் நின்றவர்களில் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்
உன் முரட்டு அண்ணன்.