மறுகா நடுவம்

செருப்பில் ஒட்டிய வாவிச் சேற்றைக் கழுவும்போது அந்த அழுகிய முட்டை வாடை எழுந்தது. "வாவிட செண்டு கா, மூக்கப் பொத்தாத" என்பாய், நம்மூர் வழக்கப்படி என்னைக் 'கா' போட்டு. நீ இறந்துபோய் இரண்டு மாரி கடந்துவிட்டன.

ஒரே பள்ளிக்கூடத்தில் நீ விலங்கியலும் நான் இரசாயனவியலும் படிப்பித்தோம். வவுணதீவுக் கரைச் சேற்றில் நாம் முதலில் நட்ட கண்டல் மரக்கன்றுகளை வெள்ளம் கொண்டுபோனது. அடுத்து நட்டவற்றை மாடுகள் மேய்ந்தன. சலித்துப்போய் நான் கேட்டேன்: "முழு உலகமும் கொதிக்குது. உன்ட நாலு கண்டல் என்ன செய்யும்?"

"நாலு கண்டலா நிக்கும். உலகத்தக் குளிராக்கும் எண்டு நான் சொன்னனா? மறுகா நடுவம், எழும்பு கா."

நம்மூரில் அந்த 'மறுகா'வுக்கு இரண்டு பொருள். அரசாங்கக் கந்தோரில் அலுவலர் 'மறுகா பாப்பம்' என்றால் பிறகு. அநேகமாக ஒருநாளும் இல்லை. உன் வாயில் அது எப்போதும் மறுபடியும்தான்.

நாம் மூன்றாம் முறை நட்டவை இப்போது ஆள் உயரத்துக்கு மேல். அவற்றை வெட்டி, கிரவல் கொட்டி, விடுதி கட்ட வேண்டுமாம். இன்று காலை அதற்காகக் கரையிலேயே கூட்டம். கட்டப்போகிறவர் படித்த மனிதர். "டீச்சர், காலநிலை கைமிஞ்சிப் போயிட்டு எண்டு நீங்களே சொல்றனீங்க. இனி இதக் காத்து என்ன?" என்றார்.

என் வாக்கியம்தான். அதை வைத்தே கரையை மூடப் பார்க்கிறார் என்றதும் எழுந்துவிட்டேன். கூட்டங்களில் நான் வாய் திறப்பதில்லை என்பது உனக்குத் தெரியும்.

"கைமிஞ்சிட்டா எண்டு எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. இன்னும் எவ்வளவு எரிக்கிறம், எவ்வளவு வெட்டுறம் எண்டதிலதான் அது கிடக்கு. எல்லாம் முடிஞ்சுது எண்டு சொல்றவர் டிப்பரோட வந்தா, நான் நம்பமாட்டன்."

பின்னால் நின்ற தோணிக்காரர் சத்தமாகச் சிரித்தார். "டீச்சருக்கு நாக்கு இருக்கு!"

"சரி, மறுகா பேசுவம்" என்றார் கட்டப்போகிறவர்.

"இல்ல. இப்ப."

தன் வாகனத்தில் ஏறிப் போய்விட்டார். நாளைக்கு டிப்பர் வருமாம்.

உலகம் தப்பும் என்று எனக்கு இன்னும் நிச்சயமில்லை. அந்தச் சந்தேகத்தோடேயே விடிந்ததும் அங்கே போய் நிற்கப்போகிறேன். உன் பிடிவாதம் எப்போது எனக்குள் வந்தது என்று தெரியவில்லை. தோணிக்காரரும் மனைவியும் வருகிறார்கள். டிப்பர் முதலில் எங்களைத் தாண்டட்டும்.