பூமியைவிட உயரமான ராக்கெட்

பிப்ரவரி 2, திங்கள்
சனிக்கிழமை அறிவியல் கண்காட்சி. எங்கள் தலைப்பு, ‘மனிதரின் விண்வெளிப் பயணம்: நேற்றும் நாளையும்’. நானும் என் பெஞ்சுத் தோழி குருவியும் செய்கிறோம். (வாய் ஓயாததால் வந்த பெயர்.) கணக்கு எனக்கு, கத்தரிக்கோல் அவளுக்கு.

கால்பந்து பூமி, டென்னிஸ் பந்து நிலா என்றால் நடுவில் எவ்வளவு தூரம்? “ஒரு முழம்?” என்றார் அப்பா. இல்லை, ஆறு மீட்டர் அறுபது! நிலா போய் விழுவது மண்புழு உரக்காரிகளின் மேசையில்.

“எங்க புழுவுக்கு நடுவுல உங்க நிலா எதுக்குடி?” என்று சண்டைக்கு வந்துவிட்டார்கள். ஒரு மூலை வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

பிப்ரவரி 3
செவ்வாய்க் கிழமையில் செவ்வாய் கிரகம் தேடினோம்! மிக அருகில் வரும்போதுகூடத் தொள்ளாயிரத்து ஐம்பது மீட்டர். சைக்கிள் சக்கரத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுச் சுற்றுகளை எண்ணியபடி தள்ளிப் போனோம். குருவி பேச்சுவாக்கில் எண்ணிக்கையை விட்டுவிட, மறுபடி பள்ளி வாசலிலிருந்து.

கோடு சரியாகச் சித்தியின் ஜெராக்ஸ் கடையில் நின்றது. “ஏண்டி, வேற கடையே கிடைக்கலையா?” என்றாலும், மாதுளம்பழத்தைச் செவ்வாயாக வைக்கவும், கண்காட்சியிலிருந்து நடந்து வருகிறவர்களின் பயணச் சீட்டில் முத்திரை குத்தவும் சம்மதித்தாள்.

பிப்ரவரி 4, புதன்
குருவி ராக்கெட் கொண்டுவந்தாள். பற்பசைப் பெட்டிகள், வெள்ளித்தாள், மூக்கில் சிவப்பு விளக்கு. ஒரு அடி உயரம்.

நான் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஸ்கேலை எடுத்தேன். ஏன் எடுத்தேன்?

“உன் ராக்கெட் பூமியைவிட எட்டு சென்டிமீட்டர் உயரம். இது வெறும் பொம்மை” என்றேன். வகுப்பே சிரித்தது. குருவி ஒன்றும் பேசவில்லை. குருவி! ராக்கெட்டைத் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு போய்விட்டாள்.

நான் சொன்னது சரிதானே? சரிதான். அப்புறம் ஏன் சாப்பிடப் பிடிக்கவில்லை?

பிப்ரவரி 5
பெஞ்சு மாறி உட்கார்ந்துவிட்டாள்.

பிப்ரவரி 6, வெள்ளி
ஒத்திகை. கால்பந்தின் மேல் ஒரு பென்சிலைப் படுக்கவைத்து விளக்கினேன்: விண்வெளி நிலையம் இந்தத் தடிமன் உயரத்தில்தான் சுற்றுகிறது, விண்வெளிக்குப் போனவர்களில் பெரும்பாலோர் இதைத் தாண்டியதில்லை, நிலாவில் நடந்தவர்கள் பன்னிரண்டே பேர். எனக்குச் சொல்லும்போதே புல்லரித்தது. டீச்சர் மேசையை ஒரு சுற்றுப் பார்த்தார். “எல்லாம் சரிம்மா. பார்த்தா விளையாட்டு பீரியட் மாதிரி இருக்கே. எதுலதான் போறது?”

சாயங்காலம் குருவி வீட்டுக்குப் போனேன். “தூங்குறாம்மா” என்றார் அவள் அம்மா. ஐந்து மணிக்கு! உள்ளே கத்தரிக்கோல் சத்தம் கேட்டது. ஒரு சீட்டெழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்: ‘ராக்கெட் வேணும். அது இல்லாட்டியும் நீ வேணும்.’



பிப்ரவரி 7, சனி
காலையில் தனியாகக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. செவ்வாய்க்குச் சீட்டு வாங்கியவர்கள் மூன்றே பேர். பதினோரு மணிக்குப் பிறகு என்ன ஆயிற்றோ, வரிசையே நின்றது!

பள்ளி பஸ் டிரைவர் போய்விட்டுச் சிரித்துக்கொண்டே வந்தார். “அங்க ஒரு பொண்ணு ராக்கெட்டைக் கையில வெச்சுக்கிட்டு மூச்சு விடாம பேசுதும்மா. போக ஏழு மாசமாம், மூட்டையில என்னென்ன கட்டணும்னு என்கிட்டயே கேக்குது.”

அவர் சீட்டின் பின்னால் குருவியின் கோழிக்கிறுக்கல்:

‘செவ்வாய் நிலவரம்: மாதுளம்பழத்தில் பாதி உன் சித்தி வயிற்றில். ராக்கெட் நலம். இனிமேல் சீட்டு அனுப்பாதே, நேரில் வா.’

பூமியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிப் புழுக்காரிகளிடம் ஒப்படைத்துவிட்டு ஓடினேன். தொள்ளாயிரத்து ஐம்பது மீட்டர் என்பது ரொம்பத் தூரம்.

பிப்ரவரி 8
பரிசு மண்புழுவுக்கு. ராக்கெட் இந்த வாரம் என் மேசையில், அடுத்த வாரம் அவள் வீட்டில். கூர்ந்து பார்த்தால் மூக்குக்குக் கீழே புதிதாக இரண்டு ஜன்னல்கள், ஒவ்வொன்றிலும் ஒரு தலை. கண்ணாடி போட்டிருப்பது நான்.